வண்டலூருக்கு முதலில் போனவை மிருகங்கள்

என் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. நாங்கள் சிட்லப்பாக்கத்துக்கு வந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் பாரிமுனைப் பக்கம் ஏதேனும் வேலையாகப் புறப்பட்டால், "மெட்ராஸுக்குப் போயிட்டு வரேன்" என்றுதான் அவர் இன்றும் சொல்லிக்கொண்டு கிளம்புகிறார். எங்கள் அஞ்சல் குறியீட்டு எண் 600இல் தொடங்குகிறது; வீட்டில் தொலைபேசி இருந்த காலத்தில் அதற்கு முன்னால் 044 போட வேண்டும்; வெளியூர் உறவினர்கள் அனைவருக்கும் நாங்கள் சென்னைக்காரர்கள். ஆனால் இங்கே வந்த நாள்முதல் வருவாய்த் துறையின் ஏட்டில் நாங்கள் ஒருநாளும் சென்னைக்காரர்களாக இருந்ததில்லை. 1996இல் குடிவந்தபோது இது செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். மறு ஆண்டே அது இரண்டாகப் பிரிந்து நாங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தினர் ஆனோம். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது அதற்குள் போனோம். 2021 நவம்பரில் எங்கள் பேரூராட்சி தாம்பரம் மாநகராட்சியில் கரைந்தது. வீட்டை ஓர் அங்குலம்கூட நகர்த்தாமலே மூன்று மாவட்டங்களில் குடியிருந்து பார்த்துவிட்டோம்.

இதை இப்போது எழுதத் தோன்றியதற்குக் காரணம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2021இல் நடந்திருக்க வேண்டியது பெருந்தொற்றால் தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஆம் தேதியை அடிப்படையாகக் கொண்டு நடக்கவிருக்கிறது. சென்ற முறை, 2011இல், எங்கள் வீட்டுக்கு வந்த ஆசிரியை ஒருவர் திண்ணையில் அமர்ந்து அப்பாவிடம் கேள்வி கேட்டது நினைவிருக்கிறது. இதற்கு முன் எந்த ஊரில் வசித்தீர்கள், எதற்காக இடம்பெயர்ந்தீர்கள் என்ற கேள்விகள் அந்தப் படிவத்தில் இருந்தன. வேலை, வியாபாரம், படிப்பு, திருமணம், குடும்பத்தோடு வந்தது என்று சில காரணங்கள் அதில் முன்பே அச்சாகியிருக்கும். எல்லாம் பொருந்தாவிட்டால் "மற்றவை". அப்பா சற்று யோசித்துவிட்டு, "வேலைன்னே போட்டுக்குங்கம்மா" என்றார். ஆசிரியை குறித்துக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகு அப்பா சொன்னார்: "வேலைக்காக நான் எங்கே வந்தேன்? வேலைதான் என்னை விட்டுப் போச்சு."

அதன் கதை இதுதான். நாங்கள் திருவல்லிக்கேணியில், ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் ஒரு போர்ஷனில் இருந்தோம். எட்டுக் குடித்தனங்கள், நடுவில் ஒரு கிணறு, பொதுவாக இரண்டு கழிப்பறைகள். அப்பா கொத்தவால்சாவடியில் ஒரு வெங்காய மண்டியில் கணக்குப்பிள்ளை. விடியற்காலை நான்கு மணிக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். 1996இல் கொத்தவால்சாவடி மொத்தச் சந்தை முழுவதும் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. ஜார்ஜ் டவுனின் சந்துகளில் லாரி நுழைய முடியாமல் நகரமே திணறிக்கொண்டிருந்த காலம் அது. மாற்றியது சரிதான் என்று அப்பாவே ஒப்புக்கொள்வார். ஆனால் சைக்கிள் தொலைவு பேருந்துத் தொலைவாகிவிட்டது. அதே ஆண்டு வீட்டுக்காரர் வீட்டை விற்கப்போவதாகச் சொல்லிவிட்டார். திருவல்லிக்கேணியிலோ மயிலாப்பூரிலோ வேறு வாடகை வீடு தேடினால் முன்பணமே ஓராண்டு வாடகைக்கு வந்தது. அப்பாவின் சேமிப்போடு அம்மாவின் நகைகளையும் சேர்த்தால், சிட்லப்பாக்கத்தில் அரை கிரவுண்ட், அதாவது 1,200 சதுர அடி, மனை வாங்கி ஓட்டு வீடு ஒன்று கட்டிக்கொள்ள முடியும் என்று கணக்கு வந்தது. வாடகைக்கு இருந்த குடும்பம் சொந்த வீட்டுக்குப் போகிறது என்ற பெருமிதமும், ஊரை விட்டுப் போகிறோம் என்ற துக்கமும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டிருந்தன.

அன்று எங்களுக்கு இது எங்கள் குடும்பத்தின் தனிக்கதையாகத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால், நகரம் தன் நடுவிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே அனுப்பிக்கொண்டிருந்த ஒரு நீண்ட வரிசையில் எங்களுக்கும் ஓரிடம் கிடைத்திருந்தது என்று புரிகிறது. வரிசையில் முன்னால் நின்றவை மிருகங்கள். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே, மூர் மார்க்கெட்டை ஒட்டியிருந்த மிருகக்காட்சிசாலை 1985இல் வண்டலூருக்குப் போனது. 1996இல் காய்கறிச் சந்தை. 2002இல் பாரிமுனையிலிருந்து வெளியூர்ப் பேருந்து நிலையம் கோயம்பேட்டுக்கு. 2006இல் மத்தியச் சிறை பார்க் டவுனிலிருந்து புழலுக்கு. 2023 டிசம்பரில் தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்தும் கிளம்பி, வண்டலூருக்கு அப்பால் கிளாம்பாக்கத்தில் 88 ஏக்கரில் கட்டப்பட்ட நிலையத்துக்கு. அன்றைக்கு யானையையும் சிங்கத்தையும் லாரியில் ஏற்றி அத்தனை தொலைவு காட்டுக்குக் கொண்டுபோகிறார்களே என்று பேசிய நகரவாசிகளின் பேரப்பிள்ளைகள், இன்று அதே மிருகக்காட்சிசாலையைத் தாண்டிப் பத்துக் கிலோமீட்டர் போய் வீடு தேடுகிறார்கள்.

எண்களைப் பார்த்தால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். 2001இல் சென்னை மாவட்டத்தில் 43.4 லட்சம் பேர் இருந்தனர், 2011இல் 46.5 லட்சம். பத்தாண்டுகளில் ஏறத்தாழ 7 சதவீத வளர்ச்சி. மாநிலம் முழுவதும் 15.6 சதவீதம் வளர்ந்த அதே பத்தாண்டுகளில், வேலை தேடி எல்லோரும் வந்து குவிவதாக நாம் நம்பும் தலைநகரம் அதில் பாதிகூட வளரவில்லை. அப்படியானால் வந்தவர்கள் எங்கே போனார்கள்? காஞ்சிபுரம் மாவட்டம் 28.8 லட்சத்திலிருந்து 40 லட்சமாகவும், திருவள்ளூர் மாவட்டம் 27.5 லட்சத்திலிருந்து 37.3 லட்சமாகவும் ஆயின. சென்னை 3 லட்சம் பேரைச் சேர்த்துக்கொண்ட காலத்தில் அதைச் சூழ்ந்த இரண்டு மாவட்டங்களும் சேர்ந்து சுமார் 21 லட்சம் பேரைச் சேர்த்துக்கொண்டன. அவற்றில் உத்திரமேரூர், ஊத்துக்கோட்டை போன்ற தொலைவான பகுதிகளும் அடக்கம் என்பது உண்மையே. ஆனாலும் பெரும்பகுதி வளர்ச்சி எங்கே நிகழ்ந்தது என்பதை ஆவடி, அம்பத்தூர், தாம்பரம், பல்லாவரம், சோழிங்கநல்லூர் வழியாக ஒருமுறை போய்வந்தவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இது சென்னைக்கு மட்டும் உரிய விந்தையும் அல்ல. அதே பத்தாண்டுகளில் கொல்கத்தா மாவட்டத்தின் மக்கள்தொகை குறையவே செய்தது. மும்பைத் தீவு நகரத்தின் மக்கள்தொகை 33.4 லட்சத்திலிருந்து 30.9 லட்சமாக இறங்கியது. நாம் இதைக் கவனிக்காமல் போனதற்கு ஒரு காரணம் எல்லைக்கோடு. 2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சி தன்னைச் சுற்றியிருந்த 42 உள்ளாட்சி அமைப்புகளை இணைத்துக்கொண்டு, 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. ஒரே கையெழுத்தில் நகரத்தின் மக்கள்தொகை சுமார் 67 லட்சமானது. நகரம் வளர்ந்துவிட்டது என்று செய்தி வந்தது. உண்மையில் நகரத்தை விட்டுப் போனவர்கள் இருந்த இடம் வரைக்கும் நகரத்தின் பெயர் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்ததும் இதே போன்ற துரத்தலே.

நடுநகரம் ஏன் ஆளிழக்கிறது என்பதற்கு விலை என்ற ஒற்றைச் சொல்லைப் பதிலாகச் சொல்வது வழக்கம். அது போதாது. எங்கள் பழைய வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். எட்டுக் குடித்தனங்களில் ஏறத்தாழ நாற்பது பேர் இருந்தோம். இப்போது அந்த இடத்தில் கீழே வாகன நிறுத்தமும் மேலே ஆறு அடுக்கக வீடுகளும் இருக்கின்றன. சென்ற ஆண்டு பார்த்தசாரதி கோயிலுக்குப் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். இரண்டு வீடுகள் பூட்டிக்கிடந்தன. பிள்ளைகள் அயல்நாட்டில் என்று காவலாளி சொன்னார். மற்ற நான்கிலும் சேர்த்துப் பன்னிரண்டு, பதின்மூன்று பேர் இருக்கலாம். கட்டடம் உயர்ந்திருக்கிறது, தளப்பரப்பு கூடியிருக்கிறது, தலைகள் மட்டும் மூன்றில் ஒன்றாகிவிட்டன. ஒண்டுக்குடித்தனத்துக்கு யாரும் திரும்ப விரும்பமாட்டார்கள், நானும் விரும்பமாட்டேன். இரண்டு கழிப்பறைகளுக்கு முன்னால் நாற்பது பேர் நின்ற காலையை ஏக்கத்தோடு நினைப்பவர்கள் அந்த வரிசையில் நின்றவர்களாக இருக்க முடியாது. ஆனால் கணக்கு கணக்குத்தான். பக்கத்துத் தெருக்களில் வீடுகள் மேன்ஷன்களாயின. அங்கே வேலை தேடிவரும் தனியாட்கள் சில ஆண்டுகள் தங்கிவிட்டுத் திருமணமானதும் புறநகருக்குப் போய்விடுகிறார்கள். தியாகராய நகரில் வீடுகள் கடைகளாயின. அந்தத் தியாகராய நகரே 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவாக்கப்பட்ட புறநகர்தான் என்பதை உஸ்மான் சாலைக் கூட்டத்தில் யாரும் நினைப்பதில்லை.

விரும்பிப் போனவர்களைப் பற்றி மட்டும் எழுதினால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். எங்கள் பழைய தெருமுனையில் ஓர் அம்மா மீன் விற்பார். கூவம் கரையில் குடிசை. எங்களை வழியனுப்பியபோது, "அவ்ளோ தூரம் எப்டிம்மா இருப்பீங்க?" என்று அம்மாவிடம் கேட்டவர் அவர். சில ஆண்டுகளில் அவரைத் துரைப்பாக்கத்தை ஒட்டிய கண்ணகி நகருக்கு மாற்றிவிட்டார்கள். 1970களில் குடிசை மாற்று வாரியம் தொடங்கிய காலத்தில், குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தருவதுதான் பெரும்பாலும் வழக்கம். நகரின் நடுவே இன்றும் நிற்கும் பழைய வாரியக் குடியிருப்புகள் அதற்குச் சான்று. 2000ஆம் ஆண்டையொட்டி அந்த வழக்கம் மாறி, கண்ணகி நகரில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள், செம்மஞ்சேரியில் 6,000க்கும் மேல், பின்னர் பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்களாக 20,000க்கும் மேல் என்று ஏழைகளைத் தெற்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது நடைமுறையானது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் இருந்த பல்லாயிரம் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்குப் போயின. புள்ளிவிவரத்தில் அவர்களும் புறநகர் வளர்ச்சிதான். மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்துப் பழைய மகாபலிபுரம் சாலையில் இருபதாவது மாடியில் வீடு வாங்கியவரும், மீன்கூடையோடு இருபது கிலோமீட்டர் தள்ளி இறக்கிவிடப்பட்டவரும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகிறார்கள். அந்த அம்மா ஓராண்டு வரை விடியலில் பேருந்து பிடித்துத் திருவல்லிக்கேணிக்கே வந்து விற்றாராம். பேருந்துக் கட்டணம் போகக் கையில் எதுவும் நிற்கவில்லை என்று பிறகு நிறுத்திவிட்டார்.

புறநகரில் எல்லாம் தலைகீழ் வரிசையில் வரும். முதலில் மனை விற்பவர் வருவார், பிறகு மனிதர்கள், அதன் பிறகு மின்கம்பம், சாலை, குழாய், பள்ளி, கடைசியாகச் சாக்கடை. நாங்கள் வந்த புதிதில் தெருவில் ஐந்தே வீடுகள். வீட்டுக்கு வீடு கிணறு. கழிவுக்குச் செப்டிக் டேங்க். இரண்டுக்கும் நடுவே இத்தனை அடி இருக்க வேண்டும் என்று கொத்தனார் சொல்வார்; அரை கிரவுண்டில் அந்த இடைவெளி எங்கிருந்து கிடைக்கும்? தெரு நிறைந்ததும் கிணறு வற்றி, ஆழ்துளைக் கிணறு வந்து, அதுவும் உப்பாகி, குடிக்கக் கேன் தண்ணீரும் குளிக்க லாரித் தண்ணீருமாக ஆனது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது, குழாய்த் தண்ணீரையே நம்பியிருந்த நகரவாசிகள் கலங்கினார்கள். குழாயையே அதிகம் அறியாத எங்களுக்கு லாரியின் விலை ஏறியது ஒன்றுதான் வேறுபாடு. அந்த லாரிகள் இன்னும் தள்ளியிருந்த கிராமங்களின் வயல் கிணறுகளிலிருந்து உறிஞ்சிக்கொண்டு வந்தன. நகரம் எங்களுக்குச் செய்ததை நாங்கள் எங்களுக்கு அடுத்திருந்தவர்களுக்குச் செய்துகொண்டிருந்தோம்.

மனைகளின் சட்டநிலையும் இதே வரிசையில்தான். விளைநிலத்தில் கல் நட்டு, பஞ்சாயத்து அப்ரூவல் என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பி வாங்கியவர்கள் பல்லாயிரம் பேர். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று தடை விதித்தபோதுதான், தங்கள் வீட்டு மனை அரசின் கண்ணில் மனையே அல்ல என்பது பலருக்குத் தெரிந்தது. மறு ஆண்டு வரன்முறைத் திட்டம் வந்தது. பணம் கட்டிச் சரிசெய்துகொண்டார்கள். ஆள் குடியேறி இருபது ஆண்டுகள் கழித்து ஊர் அங்கீகரிக்கப்படுகிறது.

அங்கீகாரத்தைப் பணம் கட்டிப் பின்னால் வாங்கிக்கொள்ளலாம். தண்ணீரின் பாதையை அப்படி வாங்கிக்கொள்ள முடிவதில்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்று பெயர் உண்டு. ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு நீர் போகும்படி, சரிவைக் கணக்கிட்டு முன்னோர் அமைத்த சங்கிலி அது. சிட்லப்பாக்கம் ஏரியின் மிகைநீர் செம்பாக்கம் ஏரிக்கும், அங்கிருந்து நன்மங்கலம் வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கும் போக வேண்டும். 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அந்தச் சதுப்பு நிலம், ஒரு காலத்தில் இருந்த பரப்பில் சிறு பகுதியே மிஞ்சிய நிலையில்தான் அந்தப் பெருமையைப் பெற்றது. மீதியின்மேல் குப்பைக் கிடங்கும் அலுவலகங்களும் சாலைகளும் வீடுகளும் நிற்கின்றன. எங்களுக்கு மனை விற்றவர் 1996இல் ஏரிக்காற்று வீசும் என்று சொன்னார். காற்று வீசியது உண்மை. 2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது ஏரியும் வந்தது. இரவு பதினொரு மணிக்கு வாசற்படியில் இருந்த தண்ணீர் இரண்டு மணிக்குக் கட்டிலின் கால்களை மறைத்துவிட்டது. அப்பாவையும் அம்மாவையும் எதிர்வீட்டு மாடிக்கு ஏற்றினோம். "திருவல்லிக்கேணியிலே கடல் இருந்தது, அது ஒருநாளும் வீட்டுக்குள்ளே வரலை" என்று அப்பா அந்த மாடியில் நின்று சொன்னதை நினைத்தால் இன்றும் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன. எங்களுக்கு மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் அடையாறு பெருகிப் படகில் ஆட்களை மீட்டார்கள். தாங்கல் என்றால் சிறு ஏரி; அப்படி முடியும் ஊர்ப்பெயர்களின் பொருளைச் சென்னைவாசிகள் அந்த வாரம்தான் கேட்டறிந்தார்கள் என்று நினைக்கிறேன்.

பயணம் பற்றி எல்லோரும் குறைப்பட்டுக்கொள்வதால் அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆனால் அதில் ஒரு மாற்றம் போதிய அளவு பேசப்படவில்லை. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். அந்த ஒற்றைப் பாதைதான் மாம்பலம் முதல் குரோம்பேட்டை வரையிலான புறநகர்களை உருவாக்கியது. காலையில் எல்லோரும் வடக்கே, மாலையில் எல்லோரும் தெற்கே. புறநகரில் வாழ்ந்தாலும் சோறு நகரத்தின் நடுவில்தான் இருந்தது. அப்பாவின் பயணமே அந்த ஒழுங்கை முதலில் கலைத்தது: ரயிலில் கிண்டி வரை போய், அங்கிருந்து குறுக்காகக் கோயம்பேட்டுக்குப் பேருந்து. இன்று என் மகளின் தலைமுறையில் நடுநகரம் பாதையிலேயே இல்லை. மகளுக்குச் சிறுசேரியில் வேலை, மருமகனுக்கு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில். ஒன்று பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கிறது, மற்றது தாம்பரம் வழியாகத் தெற்கே போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலைக்கு மேற்கே இருக்கிறது. மருமகன் பாரிமுனைக்குக் கடைசியாகப் போனது எப்போது என்று கேட்டால் அவருக்கே நினைவில்லை. ரயில் வடக்கு தெற்காக ஓட, வேலைக்குப் போகிறவர்கள் கிழக்கு மேற்காகப் போகிறார்கள். அந்தக் குறுக்குச் சாலைகளில் ஷேர் ஆட்டோக்களும் நிறுவனப் பேருந்துகளும் இருசக்கர வண்டிகளும் ஒன்றையொன்று நசுக்கிக்கொண்டு நகர்கின்றன. புறநகர்வாசி நகரத்தைச் சார்ந்தவன் என்ற பழைய விளக்கம் இவர்களுக்குப் பொருந்தாது. இவர்கள் ஒரு புறநகரில் தூங்கி மறு புறநகரில் உழைக்கிறார்கள்.

அவர்கள் இருவருக்கும் நடுவாக ஓர் இடம் வேண்டும். சிட்லப்பாக்கத்தில் இன்று அரை கிரவுண்ட் வாங்க அவர்களின் இரண்டு சம்பளமும் போதாது. ஒரு கணக்குப்பிள்ளையின் ஒற்றைச் சம்பளத்தில் வாங்கிய இடம் அது. வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் சாலை கிழக்கேயும் வாலாஜாபாத் சாலை மேற்கேயும் பிரிவதால், வரைபடத்தை விரித்துக் கணக்குப் போட்டுக் கூடுவாஞ்சேரியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சென்ற ஞாயிற்றுக்கிழமை மனை பார்க்க என்னையும் அழைத்துப் போனார்கள். நிலையத்திலிருந்து பத்து நிமிடம் என்று சொன்னவர் காரில் பத்து நிமிடம் என்பதைச் சொல்லவில்லை. வரப்புகளை உடைத்துச் செம்மண் சாலை போட்டு, மஞ்சள் வண்ணம் பூசிய கற்களை நட்டிருந்தார்கள். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் டி.டி.சி.பி. அப்ரூவல், வில்லங்கச் சான்று, பட்டா நகல் எல்லாம் கோப்பில் ஒழுங்காக இருந்தன. அந்த வகையில் என் மகள் அவள் தாத்தாவை விட விவரமானவள். இன்னும் விற்காத கடைசி வரிசை மனைகளில் கொக்குகள் நின்றுகொண்டிருந்தன.

மனை காட்டிய இளைஞரிடம், மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டேன். அவர் சற்றுத் தயங்கிவிட்டு, "இன்னும் ரெண்டு வருஷத்துல வடிகால் வந்துடும் சார்" என்றார். நான் மீண்டும் அதையே கேட்டேன். அவர் கிழக்கே கையைக் காட்டினார். அங்கே ஒரு வாய்க்கால் மேடு தெரிந்தது. அதற்கு அப்பால், அதே மஞ்சள் வண்ணத்தில், வேறொரு லே-அவுட்டின் கற்கள்.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். தரைமட்டத்தை நான்கடி உயர்த்திக் கட்டச் சொன்னேன். முன்பணம் கொடுத்துவிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்: "அது மெட்ராஸ்லேர்ந்து எவ்ளோ தூரம்?"